அது புல்லுருவி அல்ல

(காவேரிப்பட்டினத்தில் மா விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகளுக்கு அதற்குள் பச்சையாக ஏதோ தெரியும். பேச்சு முடிந்ததும் கைக்குக் கை அனுப்புகிறேன், எல்லோரும் பாருங்கள். மூடியை மட்டும் யாரும் திறந்துவிடக் கூடாது. பதினான்கு மாத உழைப்பை அந்த மூடிதான் காத்து நிற்கிறது.

எங்கள் மாந்தோப்பு தென்பெண்ணைக் கரையை ஒட்டியது. பெரும்பாலும் பெங்களூரா, வரப்போரம் நாலைந்து நாட்டு மரம். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்த கோடையில் அப்பா தொரட்டியும் அரிவாளுமாக மரம் மரமாக ஏறி, கிளையில் ஒட்டியிருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கீழே விழுந்த குப்பையில் ஒரு கொத்து மட்டும் பூவோடு கிடந்தது. மங்கிய மஞ்சள் இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவில் ஊதாவாக ஒரு நாக்கு, கிட்டே போனால் நல்ல வாசனை. "ஏம்ப்பா, பூ நல்லாருக்குதே, இதையும் ஏன் பிடுங்கினீங்க?" என்றேன். "புல்லுருவிம்மா. விட்டா மரத்தையே குடிச்சுடும்" என்றார்.

அப்பா சொன்னதில் பாதி உண்மை. புல்லுருவி மரத்தைக் குடிக்கத்தான் செய்யும். அதன் பழத்தைத் தின்னும் சிறு குருவி பசையோடு விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். முளைத்த வேர் பட்டையைத் துளைத்து மரக்கட்டைக்குள் இறங்கி, மரம் ஏற்றும் நீரை வழியிலேயே உறிஞ்சும். அது பிடித்த இடத்தில் கிளை முண்டு கட்டி வீங்கியிருக்கும். அதை வெட்டி எடுப்பதே முறை. அந்தக் கொத்தோ புல்லுருவி இல்லை. அது வாண்டா என்கிற ஆர்க்கிட். வாண்டா டெஸ்ஸெல்லேட்டா என்பது முழுப்பெயர். அதன் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி, உள்ளே போகாது. மரத்திலிருந்து ஒரு சொட்டு நீரும் எடுக்காது. மழை, பனி, கிளையில் வழியும் தண்ணீரில் கரைந்த தூசி, இவைதான் அதன் சாப்பாடு.

வித்தியாசம் பார்ப்பது சுலபம். புல்லுருவிக்குக் கட்டைத் தண்டும் மாவிலையைவிட அகலமான தடித்த இலையும் இருக்கும். வாண்டாவுக்கு நாடா போன்ற இலை, இருபுறமும் அடுக்கடுக்காக. விரல் கனத்துக்கு வெள்ளை வெளேரென்று வேர் தொங்கும். அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரே பச்சையாகிவிடும். வேரைச் சுற்றிப் பஞ்சுபோல் செத்த செல்களின் உறை ஒன்று இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதில் காற்று நிறைந்து வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் குடித்ததும் உறை கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. அந்த வேரும் இலையைப் போலவே வெயிலில் உணவு தயாரிக்கிறது. மரத்தைக் குடிக்கிற செடிக்கு வேரில் பச்சையம் எதற்கு?

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தக் குழப்பம் அந்தச் செடியின் பெயரிலேயே இருக்கிறது. வாண்டா என்பது சமஸ்கிருதத்தில் மரத்தின்மேல் ஒட்டி வளரும் செடிக்குச் சொன்ன பெயர், புல்லுருவிக்கும் சேர்த்துத்தான். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் அதை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். ராபர்ட் பிரவுன் 1820-இல் அதையே தாவரப் பேரினத்தின் பெயராக்கினார். இன்று உலகத்துப் பூக்கடைகளில் வாண்டா என்று விலை சொல்லும்போதெல்லாம் நம்மூர்க் குழப்பம் ஒன்றும் சேர்ந்தே ஒலிக்கிறது.

நான் பட்டப்படிப்பு முடித்ததும் ஓசூர்ப் பக்கம் ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஓசூர் என்றால் தொழிற்சாலை என்பார்கள், ரோஜா என்பார்கள். பாலிஹவுஸ் ரோஜா போகாத ஊர் இல்லை. அதோடு சேர்ந்து இன்னொரு தொழிலும் சத்தமில்லாமல் அங்கே வளர்ந்தது, பாட்டிலுக்குள் செடி வளர்க்கும் தொழில். குரோமோர் பயோடெக் நிறுவனம் அங்கிருந்துதான் பீமா என்ற மூங்கில் ரகத்தைப் பெருக்கி அனுப்புகிறது. வாழை, ஜெர்பெரா, மூங்கில் என்று பல கன்றுகள் இந்தப் பக்கத்துப் பெண்களின் கைவழியாகத்தான் வெளியே போகின்றன. நான் இருந்த கூடத்தில் 28 பேர். சூளகிரி, பாகலூர், பேரிகை என்று விடியற்காலை வேனில் வந்து இறங்குவோம். செருப்பைக் கழற்றி, கோட்டு மாட்டி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க் போட்டு, வடிகட்டிய காற்று வீசும் ஹூட் என்கிற பெட்டி முன்னால் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு வரை எழுந்திருக்க முடியாது. இருபது வருஷம் அந்த வேலை செய்தேன். அங்கேதான் ஆர்க்கிட் விதையை முதன்முதலில் பார்த்தேன்.

விதை என்றதும் மாங்கொட்டையை நினைக்காதீர்கள். எள்ளைக்கூட நினைக்காதீர்கள். வெடித்த காயிலிருந்து வெள்ளைக் காகிதத்தில் தட்டினால் மஞ்சள் புகைபோல விழும். மூச்சுவிட்டால் பறந்துவிடும். ஒரு கேழ்வரகு மணியின் எடைக்குச் சில நூறு விதைகளாவது வேண்டும். விரல் நீளக் காய் ஒன்றில் லட்சக்கணக்கில் இருக்கும். இவ்வளவு விதை போடுகிற செடி மரத்துக்கு மரம் ஏன் நிறைந்து கிடக்கவில்லை? அதற்கான காரணம் விதைக்குள் இருக்கிறது, அல்லது விதைக்குள் இல்லாததில் இருக்கிறது. நெல்லுக்குள் அரிசி உண்டு. தேங்காய்க்குள் பருப்பு உண்டு. அவரைக்கு இரண்டு தடித்த பருப்பு. தாய் கட்டிக்கொடுத்த அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே முளை மண்ணைப் பிளந்து வெளியே வரும். ஆர்க்கிட் விதைக்கு அந்தக் கட்டுச்சோறு கிடையாது. இலை எது, வேர் எது என்றுகூடப் பிரியாத சில நூறு செல்கள் அல்லது அதற்கும் குறைவு, சுற்றி ஒரு வலைப்பை, அவ்வளவுதான்.

இதை நுட்பமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் நமக்கு ரொம்ப வேண்டியவர். கன்னடம் பேசுகிற நண்பர்கள் பெயரைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்காருவார்கள். பி.ஜி.எல். சுவாமி. கன்னட எழுத்தாளர் டி.வி. குண்டப்பாவின் மகன். 1940களில் ஆர்க்கிட்டுகளின் கருவளர்ச்சியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுகளைப் படிக்காமல் இன்றும் யாரும் அந்தத் துறைக்குள் நுழைய முடியாது. பூவில் மகரந்தம் சேர்ந்த பிறகு மற்றச் செடிகளில் வளர்கிற கருவூண் ஆர்க்கிட்டில் ஏன் வளராமல் தொடக்கத்திலேயே நின்றுபோகிறது என்பதை ஒவ்வொரு இனமாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதிவைத்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர், அப்புறம் முதல்வர். தமிழ்ப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போய்ச் செடி காட்டிய அனுபவத்தைக் கன்னடத்தில் எழுதினார். அந்த 'ஹசுரு ஹொன்னு' புத்தகத்துக்கு 1978-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டு மொழிக்கும் நடுவில் வாழ்கிற நம் எல்லைப் பக்கத்தில் அவர் பெயரை நாம் இன்னும் அதிகம் சொல்ல வேண்டும்.

சரி, சோறில்லாத விதை காட்டில் எப்படி முளைக்கிறது? பிரான்ஸில் நோயல் பெர்னார்ட் என்ற இளைஞர் 1899-இல் இதைக் கண்டார். அப்போது அவர் ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்தார். ஃபோன்டென்புளோ காட்டில், சருகுக்கு அடியில் புதைந்து கிடந்த ஓர் ஆர்க்கிட் காய்க்குள் விதைகள் முளைத்திருந்தன. கத்தி வைத்துச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முளைத்த ஒவ்வொன்றின் உள்ளேயும் பூஞ்சாண நூல் சுருண்டு கிடந்தது. பூஞ்சாணம் நுழையாத விதை முளைக்கவில்லை. அந்தப் பூஞ்சாணம் ரைசக்டோனியா வகை. நெல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். இலையுறைக் கருகல் கொண்டுவருவது அதன் உறவினன்தான். நிலக்கடலையில், காய்கறி நாற்றங்காலில் வேரை அழுக வைப்பதும் அதே குடும்பம்.

அதாவது ஒரு நோய்க்கிருமி விதைக்குள் நுழைகிறது. நியாயமாக விதை சாக வேண்டும். சாகவில்லை. பூஞ்சாண நூலைத் தன் செல்லுக்குள் சுருட்டிவைத்து, மெல்ல அதையே செரித்துத் தின்கிறது. பூஞ்சாணம் சருகிலிருந்தும் மக்கிய பட்டையிலிருந்தும் சேர்த்துக் கொண்டுவந்த சர்க்கரை எல்லாம் அந்த விதைக்குப் போகிறது. கொஞ்சம் சறுக்கினாலும் பூஞ்சாணம் விதையைத் தின்றுவிடும். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. லட்சம் விதையில் ஒன்றிரண்டு மட்டும் ஏன் செடியாகிறது என்றால், சரியான பட்டையில், சரியான ஈரத்தில், சரியான பூஞ்சாணம் இருக்கிற இடத்தில் போய் விழ வேண்டியிருக்கிறது. பெர்னார்ட் 1911-இல் இறந்தார். வயது 36. அவர் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் நாங்கள் எல்லோரும் உள்ளே வந்தோம்.

பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் வேறு விதமாக யோசித்தார். பூஞ்சாணம் வேண்டும் என்கிறார்களே, அது விதைக்குக் கொடுப்பது என்ன? சர்க்கரைதானே? அதை நாமே கொடுத்தால்? 1922-இல் பூஞ்சாணமே இல்லாமல், சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகர் கூழில் விதையை முளைக்கவைத்துக் காட்டினார். நம்பாதவர்கள் இருந்தார்கள். முளைக்கும், ஆனால் பூக்காது என்றார்கள். பூஞ்சாணத்தின் நிழல்கூடப் படாமல் வளர்த்த ஒரு செடியைப் பூக்கவைத்து 1930-இல் அதற்கும் பதில் சொன்னார். 1946-இல் தன் சமையல் குறிப்பைத் திருத்தினார். நட்சன் சி என்று அதற்குப் பெயர். இன்றுவரை உலகம் முழுக்க ஆர்க்கிட் விதைக்கு அதுதான் பால பாடம்.

சமையல் குறிப்பு என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 1 கிராம், அமோனியம் சல்ஃபேட் அரை கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்ஃபேட் கால் கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் கால் கிராம், இரும்பும் மாங்கனீசும் துளித்துளி. அப்புறம் 20 கிராம் சர்க்கரை. சொட்டுநீர் போட்டிருக்கிறவர்கள் இப்போது தலையாட்டுகிறீர்கள். உரக்கடையில் 0:52:34 என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதுதான் அந்த மோனோ பொட்டாசியம் பாஸ்ஃபேட். உங்கள் டேங்க்கில் கரைக்கிற அதே உப்பு, இங்கே சுத்தம் அதிகம், அளவு மிகமிகக் குறைவு. பி.எச். ஐந்துக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். காரம் ஏறினால் இரும்பு கரையாமல் அடியில் தங்கும், நாற்று வெளுத்துப்போகும்.

கூழ் கட்டுவதற்கு அகர். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் ராமநாதபுரம் கடலிலிருந்து. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் காய்ச்சித்தான் நம் நாட்டில் அகர் செய்கிறார்கள். மதுரைப் பக்கம் அதற்கான ஆலைகள் இருக்கின்றன. கடலுக்கடியில் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பறித்த பாசிமேல்தான் மலைக்காட்டுச் செடியின் விதை முளைக்கிறது. ஹூட் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நான் அடிக்கடி அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

இவற்றோடு இளநீரும் சேர்ப்போம், லிட்டருக்கு 100 முதல் 150 மில்லி வரை. தேங்காய்த் தண்ணீரில் கருவை வளர்க்கும் ஏதோ இருக்கிறது என்று 1941-இல் ஊமத்தைச் செடியின் கருவில் வான் ஓவர்பீக்கும் தோழர்களும் கண்டார்கள். தென்னங்கருவுக்கு மரம் ஊட்டும் திரவம்தானே அது. சோறில்லாத ஆர்க்கிட் குழந்தைக்குத் தென்னை பால் கொடுக்கிறது. சிலர் வாழைப்பழக் கூழ் சேர்ப்பார்கள், சிலர் உருளைக்கிழங்குச் சாறு. கொஞ்சம் கரித்தூள் போட்டால் நாற்று கக்கும் கருப்பு நச்சை அது பிடித்துக்கொள்ளும். எந்த இனத்துக்கு எது பிடிக்கும் என்பது கைப்பழக்கத்தில்தான் தெரியும்.

இவ்வளவு ருசியான கூழ் வைத்தால் விதை மட்டுமா வரும்? ஊரில் உள்ள பூஞ்சாணமும் பாக்டீரியாவும் முதலில் வந்துவிடும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாங்கூழ் ஆலையில் வேலை பார்த்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். வேகவைக்காத கூழைத் திறந்துவைத்தால் சாயங்காலத்துக்குள் நுரைத்துவிடும். டின்னில் அடைத்து நீராவியில் வேகவைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். நாங்களும் மீடியா என்கிற இந்தக் கூழைப் பாட்டிலில் ஊற்றி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் பதினைந்து இருபது நிமிஷம் வைப்போம். வீட்டு பிரஷர் குக்கரில் வெயிட் போட்டால் ஏறக்குறைய அதே அழுத்தம்தான். குக்கரிலேயே மீடியா அவித்து, வீட்டில் ஆர்க்கிட் நாற்று வளர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இங்கே உள்ள பிள்ளைகள் யாராவது ஆரம்பிப்பதென்றால் நானே வந்து கூட உட்காருகிறேன்.

விதையைச் சுத்தப்படுத்துவது இதைவிட நுட்பம். வெடித்த காயின் விதையென்றால் பிளீச்சிங் பவுடர் கரைசலில் சில நிமிஷம் அலச வேண்டும். கொஞ்சம் கூடினால் விதையே செத்துவிடும். அதனால் காய் வெடிக்கும் முன்பே பச்சையாகப் பறிப்பது நல்லது. மூடிய காய்க்குள் எந்தக் கிருமியும் இருக்காது. வெளியே சோப்புப் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் முக்கி, சட்டென்று தீயில் காட்டி எடுத்து, ஹூட்டுக்குள் வைத்துக் கத்தியால் பிளந்து, விதையைக் கூழ்மேல் தூவுவோம். கை நடுங்கக் கூடாது, பேசக் கூடாது.

அப்படியும் கெட்டுப்போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நாள் காலையில் பாட்டில்களை அடுக்கிவைத்திருக்கும் கல்ச்சர் ரூமைத் திறந்தால், பாட்டிலுக்குள் வெள்ளைப் புள்ளிகள் ஒரே வரிசையில், கோலப்புள்ளி போல. புள்ளி வரிசையாக வந்தால் அது காற்றில் வந்த பூஞ்சாணம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பேன் ஒன்று மூடி இடுக்கில் நுழைந்து, காலில் ஒட்டிய வித்துகளோடு கூழ்மேல் நடந்து போயிருக்கிறது. அது வைத்த ஒவ்வொரு அடியிலும் ஒரு பூஞ்சாணம். மூன்று நாளில் 600 பாட்டில் போய்விட்டது. அத்தனையையும் மறுபடி ஆட்டோகிளேவில் வைத்துக் கொன்ற பிறகுதான் திறந்து கொட்ட வேண்டும். என் பக்கத்தில் உட்காரும் அக்கா ஒவ்வொரு பாட்டிலாகக் கொட்டிக்கொண்டே அழுதார். ஆறு மாதமாக அவர் வளர்த்த நாற்று அது. சம்பளத்தில் யாரும் பிடிக்கவில்லை. அழுகை அதற்காக இல்லை.

கெடாத பாட்டிலில் நடப்பதைச் சொல்கிறேன். ஆறேழு வாரத்தில் விதை உப்பும். பிறகு பச்சையாகும். கேழ்வரகைவிடச் சின்ன பச்சை உருண்டைகளாகக் கூழ்மேல் நிறைந்து நிற்கும். இதுதான் புரோட்டோகார்ம். வேர் இல்லை, இலை இல்லை, ஆனால் உயிருள்ள பச்சை. வேறு எந்தப் பயிரிலும் இப்படி ஒரு பருவத்தை நீங்கள் பார்க்க முடியாது. அடியில் மயிர்போல இழைகள் வரும், உச்சியில் ஒரு முனை கூர்மையாகும், அது முதல் இலை. பின்புதான் வேர். நெருக்கம் அதிகமானால் பிரித்து வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். வாண்டா பூக்க நாலைந்து வருஷமாவது பொறுமை வேண்டும்.

இதே பாட்டிலில் இன்னொரு வழியும் இருக்கிறது. விதை இல்லாமல் குருத்தை வெட்டிப் பெருக்குவது. 1960-இல் பிரான்ஸில் ஜார்ஜ் மொரெல் சிம்பிடியம் ஆர்க்கிட்டில் அதைச் செய்தார். பூக்கடைகளில் ஒரே மாதிரி லட்சக்கணக்கில் ஆர்க்கிட் வருவது அந்த வழியில்தான். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் ஒட்டுக்கன்றும் கொட்டைக்கன்றும். இந்த மாவட்டத்தில் உள்ள பெங்களூரா எல்லாம் ஒரே மரத்தின் ஒட்டு வழி வந்தவை. பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். விற்பனைக்கு அது சரி. ஆலைக்கு ஒரே மாதிரி பழம் வேண்டும். ஆனால் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் கொட்டைக்கன்றுதான் வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒன்று வறட்சி தாங்கும், ஒன்று நோய் தாங்கும். ஒட்டுச்செடியை மட்டும் மரத்தில் கட்டினால் ஒரு நோயில் எல்லாம் போய்விடும். விதை வழி நாற்றின் மதிப்பு தொழிலில் இருப்பவர்களிடமே குறைவாக இருப்பதுதான் என் மனக்குறை.

காட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? எடுத்தது அவ்வளவு. 1850-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் மேகாலயாவின் காசி மலையில் நீல வாண்டாவைக் கண்டார். ஏழு ஆள் சுமை பறித்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை சிலவே. அதை அவரே எழுதியிருக்கிறார். ஆல்பர்ட் மில்லிகன் என்பவர் கொலம்பியாவில் பத்தாயிரம் ஆர்க்கிட் எடுக்க நாலாயிரம் மரங்களை வெட்டியதாக 1891-இல் புத்தகமே போட்டார். அப்போது நாற்று வளர்க்கத் தெரியாது. 1856-இல் ஜான் டோமினி முதல் கலப்பின ஆர்க்கிட்டைப் பூக்கவைத்தபோதுகூட, தாய்ச் செடியின் காலடியில் விதையைத் தூவிவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. தாயின் வேரில் அந்தப் பூஞ்சாணம் இருந்ததால் ஏதோ நாலு முளைத்தது, காரணம் அவர்களுக்குத் தெரியாது.

நட்சனின் பாட்டில் வந்த பிறகு கதை மாறியது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் 1928 வாக்கில் அந்த முறையைக் கொண்டுவந்தார். 1931-இல் முதல் கலப்பினம் பூத்தது. நம் சொந்தக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து வரும்போது சாங்கி விமான நிலையத்தில் எடுத்த ஆர்க்கிட் படத்தைக் காட்டுகிறார்களே, அந்தத் தொழிலுக்கெல்லாம் தொடக்கம் ஒரு பாட்டில் கூழ். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் இருக்கிறது. ஆனால் கிருமி நீக்கிய பாட்டிலுக்குள் இருக்கிற நாற்றுக்கு விலக்கு உண்டு. அந்த நாற்று எந்த மரத்திலிருந்தும் பிடுங்கப்பட்டதில்லை என்பதுதான் காரணம்.

நம் பக்கத்திலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஏற்காடு போகிறவர்கள் படகில் போய்விட்டு அங்கேயும் ஒரு மணி நேரம் போய்ப் பாருங்கள். கேரளத்தில் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தார் இப்சியா மலபாரிகாவைப் பாட்டிலில் பெருக்கிக் காட்டில் திரும்ப நட்டார்கள். அழிந்துபோனது என்று ரொம்ப காலம் நினைத்திருந்த செடி அது. மஞ்சள் பூப் பூக்கும் வாண்டா ஸ்பதுலேட்டாவையும் அதே போல மரங்களில் ஏற்றினார்கள். நம் மாந்தோப்பு வாண்டாவும் அதற்கு உறவுதான். வங்காளத்தில் ராஸ்னா என்று மருந்துக்காக அதன் வேரைப் பிடுங்குகிறார்கள், இங்கே புல்லுருவி என்று பிடுங்குகிறோம். இருபது வருஷத்தில் எத்தனையோ அயல்நாட்டுக் கலப்பினங்களை என் கையால் பெருக்கினேன். நம் மரத்துச் செடி ஒன்றுகூட அந்த மேசைக்கு வந்ததில்லை.

அதனால் வேலையைவிட்டு வந்த பிறகு நானே ஆரம்பித்தேன். எங்கள் தோப்பில் அப்பாவின் தொரட்டிக்குத் தப்பிய ஓரிரு கொத்துகள் வரப்போர நாட்டு மரத்தின் உச்சியில் இருந்தன. காட்டில் இந்தப் பூ காய் பிடிப்பது அபூர்வம். மகரந்தம் முழுக்க மெழுகு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். சரியான பூச்சி வந்து அதை அப்படியே தூக்கிப் போக வேண்டும். நான் ஈர்க்குச்சியால் எடுத்து அடுத்த கொத்தின் பூவுக்கு வைத்தேன். மூன்று காய் பிடித்தது. இரண்டை மரத்திலேயே வெடிக்க விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பச்சையாகப் பறித்தேன். அந்த ஒரு காயின் பிள்ளைகள்தான் இந்தப் பாட்டிலில் இருப்பவை. வீட்டில் இன்னும் 40 பாட்டில் இருக்கிறது.

கஷ்டமான கட்டம் இனிமேல்தான். பாட்டிலுக்குள் எப்போதும் ஈரம். அதனால் நாற்றின் இலைக்கு மெழுகுப் பூச்சு சரியாக வராது. இலைத்துளைக்கு மூடிக்கொள்ளவும் தெரியாது. சித்திரை வெயிலில் வெளியே எடுத்தால் மத்தியானத்துக்குள் வாடிவிடும். வேரில் ஒட்டிய கூழை வெதுவெதுப்பான தண்ணீரில் துளிகூட விடாமல் அலச வேண்டும். சர்க்கரை ஒட்டியிருந்தால் எறும்பும் அழுகலும் வரும். பிறகு கரித்துண்டு, ஓட்டுச்சல்லி, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் மட்டை, மேலே நிழல்வலை. காலையும் மாலையும் தெளிப்பான். கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். இதை நாங்கள் ஹார்டனிங் என்போம். என் கணக்கில் நூற்றில் எழுபது தேறினால் சந்தோஷம்.

தேறியதைத் தோப்பில் கட்ட உங்கள் மரங்கள் வேண்டும். அதற்காகத்தான் இன்று வந்தேன். வெடித்த பழைய பட்டையுள்ள நாட்டு மாமரம் நல்லது. ஆவணி கடைசி, புரட்டாசி மழை தொடங்கியதும் வாருங்கள், ஒரு குடும்பத்துக்கு ஐந்து நாற்று தருகிறேன். வடக்குப் பார்த்த கிளையில், கவட்டைக்குக் கொஞ்சம் மேலே, பருத்தித் துணி நாடாவால் கட்டுங்கள். நைலான் வேண்டாம், தண்டை அறுக்கும். நாடா மக்கிப்போவதற்குள் வேர் பட்டையைப் பிடித்துவிடும். சாம்பல் நோய் மருந்து அடிக்கும்போது நாற்று கட்டிய கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த நாற்று பூஞ்சாணம் இல்லாமல் வளர்ந்துவிட்டது, ஆனால் நாளைக்கு இது போடும் விதைக்குப் பட்டையில் அந்தப் பூஞ்சாணம் உயிரோடு இருக்க வேண்டும்.

இப்போது பாட்டிலை அனுப்புகிறேன். இந்தாம்மா, நீ முதலில் வாங்கு. இரண்டு கையாலும் பிடி. வெளிச்சத்துக்குக் காட்டிப் பார், அடியில் வெள்ளையாக வேர் தெரியும்.